எந்தப் பாசியை வாங்குவது? நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

மாரத்தான் பயிற்சியில் எட்டாவது, பத்தாவது வாரம் வந்துவிட்டால் போதும், கால் கனக்க ஆரம்பிக்கும். அதோடு இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "ஸ்பைருலினா எடுக்கலாமா, குளோரெல்லா எடுக்கலாமா? பாசி எண்ணெய்னு ஒண்ணு சொல்றாங்களே, அது வேறயா? எல்லாத்தையும் சேர்த்தே எடுத்துட்டா என்ன?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஒரு டப்பா வாங்கி வைத்திருப்பார்கள். மீதிப் பேர் எதை வாங்குவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் லேபிள்களைப் படித்துக்கொண்டிருப்பார்கள்.

குழப்பம் பெயரிலேயே தொடங்குகிறது. எல்லாவற்றுக்கும் 'பாசி' என்று ஒரே பெயர் இருப்பதால், ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் ஸ்பைருலினா ஒரு பாக்டீரியா, சயனோபாக்டீரியா வகை. குளோரெல்லா நிஜமான பச்சைப்பாசி. பாசி எண்ணெய் பெரும்பாலும் ஸ்கைஸோகைட்ரியம் என்ற கடல் நுண்ணுயிரியைத் தொட்டிகளில் வளர்த்துப் பிழிந்து எடுப்பது. அஸ்டாக்சாந்தின் என்பது ஹீமட்டோகாக்கஸ் என்ற நன்னீர்ப் பாசியின் சிவப்பு நிறமி. நான்கும் நான்கு வேலை செய்பவை. அதனால் 'எது சிறந்தது' என்று கேட்டால் பதில் கிடைக்காது, 'எனக்கு என்ன குறை' என்று கேட்டால் கிடைக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறோம்

முதலில் அளவுகோல்களைச் சொல்லிவிடுகிறேன், பிறகு ஒவ்வொன்றையும் அவற்றில் வைத்துப் பார்ப்போம்.

ஒன்று, அது எந்தக் குறையை நிரப்புகிறது. நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு அடிக்கடி வரும் குறைகள் சில: மொத்தச் சாப்பாடே போதாமை, இரும்பு, வைட்டமின் டி, சைவம் அல்லது வீகன் என்றால் பி12, மீன் சாப்பிடாதவர் என்றால் ஒமேகா-3. இந்தப் பட்டியலில் உங்களுக்குப் பொருந்துவதை எந்தப் பாசி தொடுகிறது என்று பார்க்க வேண்டும்.

இரண்டு, நிஜமாக விழுங்கும் அளவில் எவ்வளவு கிடைக்கிறது. இதில்தான் ஏமாற்றமே இருக்கிறது. விளம்பரம் எப்போதும் 100 கிராம் கணக்கில் பேசும். நாம் எடுப்பது 3 கிராம், 6 கிராம், மிஞ்சிப்போனால் 10.

மூன்று, ஓடுபவர்களிடம் சோதித்திருக்கிறார்களா, எத்தனை பேரிடம், என்ன வித்தியாசம் தெரிந்தது.

நான்கு, சுத்தம். பாசி தான் வளரும் தண்ணீரில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கன உலோகமும் அதில் அடக்கம்.

ஐந்து, வயிறு. இரண்டு மணி நேரம் குலுங்கிக்கொண்டே ஓடும் வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பது மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பவரின் கணக்கு இல்லை.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத செலவு. இதில் பணத்தைவிடப் பெரியது காலம். ஒரு தவறான டப்பாவை நம்பிக்கொண்டிருந்தால் நிஜமான குறை மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கும். எனக்கு நடந்ததால் சொல்கிறேன், கீழே வருகிறது.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2018-இல் சப்ளிமெண்ட்கள் பற்றி வெளியிட்ட ஒருமித்த அறிக்கையில், ஆட்டத்திறனை நேரடியாகக் கூட்டுவதற்கு நல்ல ஆதாரம் இருப்பதாகச் சொன்னவை ஐந்துதான்: காஃபின், கிரியாட்டின், நைட்ரேட், பீட்டா-அலனின், பைகார்பனேட். பாசி எதுவும் அந்த ஐந்தில் இல்லை. ஆகவே 'பாசி எடுத்தால் வேகம் கூடும்' என்ற எதிர்பார்ப்போடு படிக்கத் தொடங்கியிருந்தால் அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். குறை நிரப்பும் வேலையில் யார் கெட்டி என்பதுதான் இந்த ஒப்பீடு.

## ஸ்பைருலினா

எல்லோருக்கும் முதலில் தெரிந்தது இதுதான், தமிழில் சுருள்பாசி. மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் மக்கள் டெஸ்கோகோ ஏரியிலிருந்து வழித்தெடுத்து வில்லைகளாகக் காயவைத்துச் சாப்பிட்டதும், ஆப்பிரிக்காவின் சாட் ஏரிக் கரையில் 'டிஹே' என்ற பெயரில் இன்றும் சமைப்பதும் இதைத்தான். உணவாக இதற்கு நீண்ட வரலாறு உண்டு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிரச்சினை அளவில்.

காய்ந்த ஸ்பைருலினா 100 கிராமில் சுமார் 57 கிராம் புரதம், சுமார் 28 மி.கி. இரும்பு. கேட்க அபாரமாக இருக்கிறது. இப்போது ஆய்வுகளில் கொடுக்கும் 6 கிராமுக்கு வாருங்கள்: புரதம் சுமார் 3.4 கிராம், இரும்பு 1.7 மி.கி. 60 கிலோ எடையுள்ள ஓட்டக்காரருக்கு, கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 96 கிராம் புரதம் வேண்டும். அதில் 3.4 கிராம் எந்த மூலைக்கு? ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. வேகவைத்த மசூர்ப் பருப்பு ஒரு கோப்பை சாப்பிட்டால் 18 கிராம் புரதமும் 6 மி.கி.க்கு மேல் இரும்பும் கிடைத்துவிடும், வயிறும் நிறையும். புரதத்துக்காக ஸ்பைருலினா வாங்குவது மிக அதிக விலை கொடுத்து மிகக் கொஞ்சம் புரதம் வாங்குவது.

இரும்புக் கணக்கும் இப்படித்தான். 1.7 மி.கி.யில் உடல் உறிஞ்சுவது ஒரு சிறு பங்கு. சாதாரணமாகவே பெண்களுக்கு ஒரு நாளைக்கு 18 மி.கி.யும் ஆண்களுக்கு 8 மி.கி.யும் உணவில் வர வேண்டும் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஓடுபவர்களுக்கு வியர்வை, குடல், பாதம் தரையில் மோதும்போது உடையும் சிவப்பணுக்கள் என்று வெளியேறும் வழிகள் வேறு.

நான் இந்த இடத்தில்தான் விழுந்தேன். அரை மாரத்தான் பயிற்சியில் 12 கிலோமீட்டர் தாண்டியதும் தொடை இரண்டும் ஈரச்சாக்கு கட்டியதுபோல ஆகிவிடும், மூச்சு சரியாக இருக்கும், கால் மட்டும் வராது. இரும்பு குறைவாக இருக்கும் என்று நானே முடிவு செய்து, தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி ஸ்பைருலினாப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். அந்தப் பொடி சீக்கிரம் கரையாது, மேலே கரும்பச்சைக் கட்டிகளாக மிதக்கும், கரண்டியால் டம்ளரின் ஓரத்தில் நசுக்க வேண்டும், குளத்து வாசனை மூக்கில் ஏறும், பல் இடுக்கில் பச்சை ஒட்டிக்கொள்ளும். ஆறு மாதம் விடாமல் செய்தேன். ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி இருந்ததால் ரத்தப் பரிசோதனைக்குப் போகவே தோன்றவில்லை. கடைசியில் போனபோது ஹீமோகுளோபின் சரியாகவே இருந்தது, உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும் 14-க்கு இறங்கியிருந்தது. டாக்டர் இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கச் சொன்னார். மூன்று மாதத்தில் 38-க்கு வந்தது, காலும் வந்தது. அந்த ஆறு மாதத்தின் விலை எந்த டப்பாவிலும் அச்சாகியிருக்கவில்லை.

சரி, ஓட்டத்தில் பலன் தெரிந்த ஆய்வே இல்லையா என்றால், இருக்கிறது. 2010-இல் வந்த ஒன்று: ஓரளவு பயிற்சி உள்ள 9 ஆண்கள், நாளுக்கு 6 கிராம், நான்கு வாரம். இரண்டு மணி நேரம் மிதமான வேகத்தில் ஓடவிட்டு, அதன்பின் கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் முடியும்வரை ஓடச் சொன்னார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தபோது சராசரியாக 2.05 நிமிடம் தாங்கியவர்கள் ஸ்பைருலினா எடுத்தபோது 2.70 நிமிடம் தாங்கினார்கள். கொழுப்பை எரிப்பதும் சுமார் 11 சதவீதம் கூடியது. ஆர்வத்தைத் தூண்டும் முடிவுதான். ஆனால் 9 பேர், அதுவும் ஆண்கள் மட்டும், ஓட்டத்தின் கடைசியில் சுமார் 40 வினாடி. இதை வைத்து 'நிரூபிக்கப்பட்டது' என்று டப்பாவில் போடுவது எனக்கு ஒப்பவில்லை.

சைவர்களும் வீகன்களும் கவனிக்க வேண்டியது பி12. ஸ்பைருலினாவில் பி12 ஏராளம் என்று லேபிள் சொல்லும். அதில் பெரும்பகுதி மனித உடலால் பயன்படுத்த முடியாத போலி வடிவம். நுண்ணுயிரியை வைத்து அளக்கும் பழைய முறையில் போலியும் அசலும் ஒன்றாகவே கணக்கில் வந்துவிடும், அதனால்தான் எண் பெரிதாகத் தெரிகிறது. இதை நம்பி பி12 மாத்திரையை நிறுத்தியவர்கள் தயவுசெய்து திரும்பத் தொடங்குங்கள். பி12 குறைவு நரம்பைத் தொடும் விஷயம்.

சுத்தத்தைப் பொறுத்தவரை, கட்டுப்படுத்தப்பட்ட தொட்டிகளில் வளர்த்த ஸ்பைருலினா பரவாயில்லை. ஏரியிலிருந்து நேரடியாக அள்ளும் 'நீலப்பச்சைப் பாசி' வேறு கதை. அமெரிக்காவின் கிளாமத் ஏரியில் எடுக்கும் அஃபனிஸோமெனான் என்ற வகையோடு, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நச்சை உண்டாக்கும் வேறு உயிரிகளும் சேர்ந்து வந்துவிடலாம். அதனால்தான் ஓரிகான் மாநிலம் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்று ஒரு வரம்பே வைத்தது. லேபிளில் 'காட்டு', 'ஏரியில் விளைந்த' என்று இருந்தால் எனக்கு அது தகுதிக் குறைவு.

பிறவியிலேயே ஃபீனைல்கீட்டோனூரியா (புரதத்திலுள்ள ஃபீனைல்அலனினை உடலால் உடைக்க முடியாத கோளாறு) உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எடுக்கக் கூடாது.

## குளோரெல்லா

ஸ்பைருலினாவுக்கும் இதற்கும் நடக்கும் போட்டியில் புரதத்தை வைத்து ஒப்பிடுவது வீண், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நிலைமை. பெரிய அளவில் சாப்பிட்டால் ஒழிய கணக்கில் வராது. 250 மி.கி. மாத்திரை என்றால் 6 கிராமுக்கு 24 மாத்திரை. ஒரு கை நிறைய. ஒரு வாரம் விழுங்கிப் பாருங்கள், எட்டாவது நாள் நீங்களாகவே பாதியாகக் குறைத்திருப்பீர்கள்.

குளோரெல்லாவின் செல் சுவர் கெட்டியானது. உடைக்காமல் விழுங்கினால் உள்ளே இருப்பதை நம் குடலால் சரியாக எடுக்க முடியாது, அதனால் 'செல் சுவர் உடைக்கப்பட்டது' என்ற சொல் லேபிளில் அவசியம் இருக்க வேண்டும். ஸ்பைருலினாவுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் சுவர் மெலிது.

இது ஸ்பைருலினாவை முந்தும் இடம் பி12. நல்ல குளோரெல்லாவில் இருப்பது பெரும்பாலும் அசல் பி12. வீகன்களுக்கு இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்ததில் பி12 நிலையைக் காட்டும் ரத்த அளவுகள் முன்னேறியதாக ஆய்வு இருக்கிறது. ஆனால் ஒரு தடை: அந்த பி12-ஐப் பாசி தானாகச் செய்வதில்லை, வளர்க்கும் சூழலிலுள்ள பாக்டீரியாவிடமிருந்தோ வளர்ப்புக் கரைசலிலிருந்தோ வாங்கிக்கொள்கிறது. அதனால் ஒரு தயாரிப்பில் நிறைய இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. பி12 மட்டும்தான் தேவை என்றால் ஒரு சின்ன பி12 மாத்திரை இதைவிட மலிவு, அளவும் நிச்சயம். இந்தக் கணக்கை யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

ஓட்டம்? 2014-இல் ஜப்பானில் 10 இளைஞர்களிடம் நான்கு வாரம் சோதித்ததில், குளோரெல்லா எடுத்தபோது உச்ச ஆக்சிஜன் பயன்பாடு கூடியது, போலி மாத்திரையில் கூடவில்லை. அவர்கள் போட்டி ஓட்டக்காரர்கள் இல்லை. வருடக்கணக்காக ஓடி உடலைத் தேற்றிவைத்திருக்கும் ஒருவருக்கு அதே ஏற்றம் வரும் என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. வைட்டமின் கே இதில் கணிசம், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு மருந்தின் வேலையையே மாற்றிவிடும். அடுத்தது வயிறு: முதல் சில நாள் உப்புசம், வாயு, பச்சை நிற மலம். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் நீண்ட ஓட்டத்துக்கு முந்தைய நாள் தொடங்கக் கூடாது. சிலருக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து தடிக்கும். பச்சையம் சிதையும்போது உண்டாகும் ஒரு பொருள் இதற்குக் காரணம். மணிக்கணக்கில் வெயிலில் ஓடுபவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

## பாசி எண்ணெய்

நால்வரில் என் வாக்கு இதற்குத்தான், அதுவும் ஒரு நிபந்தனையோடு: நீங்கள் மீன் சாப்பிடாதவராக இருக்க வேண்டும்.

மீனில் இருக்கும் டிஎச்ஏ, இபிஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டும் மீன் தானாகச் செய்துகொள்வது அல்ல. கடலின் நுண்பாசி செய்கிறது, அதைத் தின்னும் சின்ன உயிர்களை மீன் தின்கிறது. பாசி எண்ணெய் என்றால் மீனை விட்டுவிட்டு ஊற்றுக்கே போவது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில், பாசி எண்ணெய் மாத்திரை எடுத்தவர்களுக்கும் சமைத்த சால்மன் சாப்பிட்டவர்களுக்கும் ரத்தத்தில் டிஎச்ஏ ஒரே மாதிரி ஏறியது. மேலே பார்த்த இரண்டு பாசிகளிலும் 'நிஜ அளவில் ஒன்றும் கிடைக்கவில்லை' என்று புலம்பினோமே, இங்கே அந்தப் புலம்பல் இல்லை. ஒன்றோ இரண்டோ மாத்திரையில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் போதுமானது என்று சொல்லும் நாளுக்கு 250 மி.கி. (இபிஏ, டிஎச்ஏ சேர்த்து) முழுதாகக் கிடைத்துவிடும்.

'ஆளிவிதை சாப்பிடுகிறேனே, வால்நட் சாப்பிடுகிறேனே' என்று கேட்பீர்கள். அவற்றில் இருப்பது ஏஎல்ஏ என்ற ஒமேகா-3 வடிவம். உடல் அதை டிஎச்ஏவாக மாற்றுவது மிகவும் சொற்பம். விதைகள் நல்லவைதான், ஆனால் இந்த வேலைக்குப் போதாது.

ஓட்டத்தில் என்ன தெரியும்? மிதிவண்டி வீரர்களுக்கு எட்டு வாரம் மீன் எண்ணெய் கொடுத்தபோது, அதே உழைப்புக்கு இதயத் துடிப்பும் ஆக்சிஜன் செலவும் கொஞ்சம் குறைந்தன, ஆனால் ஆட்டத்திறன் கூடவில்லை. தசைவலி குறைகிறது என்று சில ஆய்வுகள், இல்லை என்று சில. நான் இதைச் சிபாரிசு செய்வது வேகத்துக்காக இல்லை. மீனே சாப்பிடாத ஒருவருக்கு உணவில் நிஜமான ஓட்டை இருக்கிறது, இது அந்த ஓட்டையை நேராக அடைக்கிறது, அவ்வளவுதான்.

லேபிளை இங்கே நிதானமாகப் படிக்க வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் '1000 மி.கி. எண்ணெய்' என்று இருக்கும், பின்பக்கம் திருப்பினால் டிஎச்ஏ 300 மி.கி. என்று இருக்கும், இன்னும் கீழே போனால் 'இரண்டு மாத்திரைக்கு' என்று பொடி எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஒரு மாத்திரைக்கு டிஎச்ஏ எவ்வளவு, இபிஏ எவ்வளவு என்ற இரண்டு எண்கள் மட்டும். பல பாசி எண்ணெய்களில் டிஎச்ஏ மட்டுமே இருக்கும், இபிஏயும் சேர்ந்த வகை தனியாகக் கிடைக்கும். ஒரு மாத்திரையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், லேசான கடல்வாசனை சகஜம், பழைய பெயின்ட் மாதிரி நாறினால் எண்ணெய் கெட்டுவிட்டது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் விட்டால் தவறு. 'நல்லதுதானே' என்று ஒமேகா-3-ஐ அள்ளி அள்ளி எடுக்கக் கூடாது. நாளுக்கு ஒரு கிராமும் அதற்கு மேலும் கொடுத்த பெரிய மருத்துவச் சோதனைகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற இதயத் துடிப்பு கூடியது. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடியது. அந்தச் சோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், இதய நோய் அபாயம் உள்ளவர்கள். ஆனால் பல ஆண்டுகளாக மிக நெடுந்தூரம் ஓடும் நடுவயது ஆண்களுக்கும் இதே துடிப்புக் கோளாறு வர வாய்ப்பு அதிகம் என்பது தனியாகத் தெரிந்த சங்கதி. இரண்டையும் சேர்த்து யோசித்தால், 250 முதல் 500 மி.கி. என்ற அளவில் நிற்பதுதான் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

## அஸ்டாக்சாந்தின்

சால்மனின் இளஞ்சிவப்பு இந்த நிறமியால்தான். பச்சையாக இருக்கும் ஹீமட்டோகாக்கஸ் பாசியைப் பட்டினி போட்டு, கடும் வெளிச்சத்தில் வைத்தால் தன்னைக் காத்துக்கொள்ள சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பைப் பிரித்தெடுத்து மாத்திரையாக்குகிறார்கள். வழக்கமான அளவு 4 முதல் 12 மி.கி. கொழுப்பில் கரைவது, வெறும் வயிற்றில் எடுத்தால் பாதி வீண்.

ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுக்கின்றன. 2011-இல் 4 மி.கி. வீதம் 28 நாள் எடுத்த மிதிவண்டி வீரர்கள் 20 கிலோமீட்டர் மிதிவண்டி நேரச் சோதனையில் சுமார் 5 சதவீதம் முன்னேறினார்கள். 2013-இல் அதைப்போல ஐந்து மடங்கு, 20 மி.கி. வீதம் நான்கு வாரம் கொடுத்தபோது பயிற்சி பெற்ற வீரர்களிடம் எந்த வித்தியாசமும் இல்லை. அளவைக் கூட்டியும் பலன் வராதபோது முதல் முடிவின் மேல் என் நம்பிக்கை குறைகிறது.

எனக்கு இதில் இன்னொரு தயக்கம். அஸ்டாக்சாந்தின் ஓர் எதிர் ஆக்சிஜனேற்றி. கடும் பயிற்சியில் உண்டாகும் ஆக்சிஜனேற்ற நெருக்கடிதான் 'இன்னும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றல் செய்யும் உறுப்பு) செய்' என்று தசைக்குப் போகும் செய்தி. 2014-இல் 54 பேரிடம் 11 வாரம் நடந்த சோதனையில், வைட்டமின் சி 1000 மி.கி.யும் ஈ-யும் (இரண்டும் எதிர் ஆக்சிஜனேற்றிகள்) எடுத்தவர்களின் தசையில் அந்தச் செய்திக்கான பதில் மங்கியது. அஸ்டாக்சாந்தினும் அப்படியே செய்யும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, பொருள் வேறு, அளவும் வேறு. ஆனாலும் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் எதிர் ஆக்சிஜனேற்றி எதையும் மாத்திரையாகக் கொட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை. வண்ணக் காய்கறிகளில் வருவது வரட்டும்.

## கெல்ப் மாத்திரையும் ஜெல்லும்

கெல்ப் என்ற பழுப்புக் கடற்பாசி மாத்திரையையும் சிலர் 'பாசிதானே' என்று சேர்த்து வாங்குகிறார்கள். வேண்டாம். ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம். சில கெல்ப் வகைகளில் ஒரு கிராமிலேயே 1000-க்கு மேல் இருக்கும். தைராய்டு தடுமாறினால் ஓட்டம் மட்டுமல்ல, தூக்கம், எடை எல்லாமே தடுமாறும்.

அதே பழுப்புப் பாசி ஓட்டக்காரர் வயிற்றுக்குள் வேறொரு வழியில் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அதன் செல் சுவரிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்தான் ஹைட்ரோஜெல் வகைப் பானங்களிலும் ஜெல்களிலும் சர்க்கரையைச் சுற்றிக் கூழாகப் பிடித்துக்கொள்வது. 2018-இல் பெர்லின் மாரத்தானை 2:01:39-இல் ஓடியபோது கென்ய வீரர் எலியூட் கிப்சோகே குடித்த மௌர்டென் பானம் அந்த வகைதான். ஆனால் அங்கே வேலை செய்வது பாசி இல்லை, உள்ளே இருக்கும் மாவுச்சத்து. பெரும்பாலான ஒப்பீடுகளில் அதே அளவு மாவுச்சத்துள்ள சாதாரணப் பானத்தைவிட ஹைட்ரோஜெல் வேகத்தைக் கூட்டவில்லை. வயிறு ஒத்துக்கொண்டால் எடுங்கள், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறதா என்பதைப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தின் கடைசி மணி நேரத்தை மாற்றுவது அதுதான்.

## ஒரே பார்வையில்

| | ஸ்பைருலினா | குளோரெல்லா | பாசி எண்ணெய் | அஸ்டாக்சாந்தின் |
|---|---|---|---|---|
| நிரப்பும் குறை | பெரிதாக எதுவும் இல்லை | பி12, தயாரிப்பைப் பொறுத்து | டிஎச்ஏ, சில வகையில் இபிஏ | குறை நிரப்புவதில்லை |
| நடைமுறை அளவு | 6 கிராம் | 6 கிராம், சுமார் 24 மாத்திரை | 250–500 மி.கி. | 4–12 மி.கி. |
| ஓட்டச் சான்று | சிறிய ஆய்வு, சிறிய பலன் | மிகக் குறைவு | துடிப்பு குறையும், வேகம் மாறாது | முரண்பட்டது |
| வயிறு | வாசனை, சிலருக்குக் குமட்டல் | உப்புசம், வாயு | பெரும்பாலும் தொல்லை இல்லை | தொல்லை இல்லை |
| கவனம் | போலி பி12, நச்சு, கன உலோகம் | வார்ஃபரின், வெயில் | அளவு மீறினால் இதயத் துடிப்பு | பயிற்சி உச்ச மாதங்கள் |

## உங்கள் நிலைமை எது

கால் கனக்கிறது, பழைய வேகம் வரவில்லை, ஓய்வெடுத்தாலும் தேறவில்லை என்றால் எந்தப் பாசியும் வாங்காதீர்கள். ஃபெரிட்டின், ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தைராய்டு பாருங்கள். ஃபெரிட்டின் 30, 35-க்குக் கீழே போனால் ஓட்டக்காரர்களைக் கவனிக்கும் மருத்துவர்கள் பொதுவாக நடவடிக்கை எடுப்பார்கள். சோதிக்காமல் இரும்பு மாத்திரை எடுப்பதும் தப்பு, இரும்பு உடலில் தேங்கும் பரம்பரைக் கோளாறு சிலருக்கு உண்டு. எடுக்கச் சொன்னால், நேரத்தையும் பாருங்கள்: கடுமையாக ஓடி முடித்து 3 முதல் 6 மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி இரும்பு உள்ளே போகும் கதவைச் சாத்தும். காலையில் ஓட்டத்துக்கு முன்போ, முடித்த உடனேயோ எடுப்பது நல்லது, டீ காபி இல்லாமல்.

ரத்தம் எல்லாம் சரியாக இருந்து, அப்போதும் சோர்வு என்றால், சாப்பாடு போதவில்லையா என்று பாருங்கள். வாரத்துக்கு 60, 70 கிலோமீட்டர் ஓடிக்கொண்டு எடையும் குறைக்க நினைப்பவர்களிடம் இது ரொம்ப சகஜம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது முக்கியமான எச்சரிக்கை, அதைப் 'பயிற்சியால்தான்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தப் பள்ளத்தை ஒரு தேக்கரண்டி பச்சைப் பொடி நிரப்பாது.

மீன் சாப்பிடாதவர், மற்றபடி நன்றாக இருக்கிறார்: பாசி எண்ணெய். வாரம் இரண்டு முறை கொழுப்புள்ள மீன் சாப்பிடுபவர்: எதுவும் வேண்டாம். வீகன்: பி12 மாத்திரை முதலில், அடுத்து பாசி எண்ணெய், குளோரெல்லா விருப்பம் இருந்தால். ஸ்பைருலினாவின் சுவை பிடித்து, பழச்சாற்றில் கலக்கிக் குடிக்க ஆசைப்படுபவர் தாராளமாகக் குடிக்கலாம், அதை உணவாக நினைக்கும்வரை. 40 தாண்டிய, படபடப்பு வந்துபோகும் ஓட்டக்காரர் ஒமேகா-3 தொடங்கும் முன் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஊக்கமருந்துச் சோதனைக்கு உட்படும் அளவுக்குப் போட்டியிடுபவர்கள், தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருக்கிறதா என்று சோதித்துத் தரும் இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் அல்லது என்எஸ்எஃப் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை உள்ளதையே எடுங்கள். அதோடு கன உலோகச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், உங்கள் டப்பாவின் தொகுதி எண்ணோடு கேளுங்கள். தர மறுக்கும் தயாரிப்பாளரிடம் வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

## தொடங்கும்போது

ஒரு நேரத்தில் ஒன்றுதான். மூன்றையும் சேர்த்துத் தொடங்கி வயிறு கலங்கினால் எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. போட்டிக்கு ஆறு வாரத்துக்குள் என்றால் புதிதாக எதையும் தொடங்காமல் இருப்பது மேல். பாசி எண்ணெயில் ரத்த அளவு முழுதாக மாற மூன்று, நான்கு மாதம் ஆகும், சிவப்பணுவின் ஆயுள் அவ்வளவு. அதனால் இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிட்டு அடுத்த டப்பாவுக்குத் தாவாதீர்கள்.

இரும்போ பி12-ஓ எடுத்தால் 12 வாரம் கழித்து மறுபரிசோதனை, அதே ஆய்வகத்தில், அதே காலை நேரத்தில். முந்தைய நாள் நீண்ட ஓட்டமோ கடும் வேகப் பயிற்சியோ இருக்கக் கூடாது, காய்ச்சல் சளி இருந்தாலும் தள்ளிப்போடுங்கள். உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் தானாகவே ஏறிக் காட்டும், 20-இல் இருப்பவருக்கு 45 என்று வந்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்.